ஐந்தாம் பருவம் முடிந்தும் கூடு கட்டாத பட்டுப்புழு: நோயா, மருந்தா?

உடுமலைப்பட்டு:
வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் வெண்பட்டு வளர்க்கிறோம். மல்பெரி இலை வி-1 ரகம். புழுவை இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்கினோம். நான்காம் தோலுரிப்பு வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு வரும் ஐந்தாம் பருவத்திலும், அதாவது புழுவின் கடைசிப் பருவத்திலும், இலையை நன்றாகவே இழுத்தது. தெற்குப் பக்க ரேக்குகளில் இருந்த புழுக்கள் வழக்கமான நாளில் முதிர்ந்து கூடு கட்டிவிட்டன. வடக்குப் பக்க ரேக்குகளில் இருப்பவை மட்டும் அப்படியே இருக்கின்றன. சாகவும் இல்லை, கூடு கட்டவும் இல்லை. தின்றுகொண்டே இருக்கின்றன. புழு சாதாரண அளவைவிடப் பெரிதாக, கொழுகொழுவென்று இருக்கிறது. முதிர்ந்த புழுவுக்கு வரும் அந்தக் கண்ணாடி போன்ற உடம்பு இவற்றுக்கு வரவே இல்லை. கூடு கட்ட வைக்கும் நெட்ரிகா தட்டியில் எடுத்து வைத்தாலும் இறங்கி இலை தேடுகின்றன. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கொங்குவிவசாயி:
பால்புழு நோயாக இருக்குமோ? கணுக்களுக்கு நடுவே வீங்கி இருக்கிறதா? தொட்டால் தோல் கிழிந்து வெள்ளையாகத் தண்ணீர் வருகிறதா?

உடுமலைப்பட்டு:
இல்லை அண்ணா. அந்த நோய் வந்தால் புழு ரேக்கின் விளிம்பில் ஏறி அலையும், பார்த்திருக்கிறேன். இவை அமைதியாக உட்கார்ந்து தின்கின்றன. வாந்தி இல்லை, பேதி இல்லை, நாற்றம் இல்லை. தோலும் கெட்டியாகவே இருக்கிறது.

பாலக்கோட்டான்:
சம்பூர்ணா தெளித்துப் பாருங்கள். நாங்கள் நூற்றுக்கு ஐந்து புழு முதிரத் தொடங்கியதும் அதைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளித்துவிடுவோம். முன்னே பின்னே நிற்கும் புழுவெல்லாம் ஒன்றாக முதிர்ந்து வரும், ஆள் கூலி மிச்சம். மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

பூச்சிவாத்தியார்:
சம்பூர்ணாவுக்கு முன்னால் இரண்டு கேள்வி. எல்லா ரேக்குக்கும் ஒரே தோட்டத்து இலையா? பக்கத்து நிலத்தில் அண்மையில் யாராவது மருந்து அடித்தார்களா?

உடுமலைப்பட்டு:
நல்ல கேள்வி சார். எங்களுக்கு மல்பெரி இரண்டு துண்டாக இருக்கிறது. வடக்கு ரேக்குகளுக்கு ஐந்தாம் பருவம் முழுக்கக் கிழக்குத் துண்டு இலைதான் போட்டோம். அதை ஒட்டிப் பக்கத்துக்காரர் கத்தரி போட்டிருக்கிறார். வெள்ளை ஈக்கு ஏதோ அடித்ததாகச் சொன்னார். காலி டப்பாவை வாங்கிப் பார்த்தேன், பைரிப்ராக்சிபென் என்று இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து வாடை வந்ததால் அந்த இலையை முதலில் கொஞ்சம் புழுவுக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் எல்லாவற்றுக்கும் போட்டோம்.

பூச்சிவாத்தியார்:
அப்படியென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. வழக்கமாக நாம் செய்யும் அந்த இலைச் சோதனை, நரம்பைத் தாக்கிக் கொல்லும் மருந்துகளுக்குத்தான் உதவும். அவை இலையில் இருந்தால் புழு சில மணி நேரத்தில் துடித்து, வாந்தி எடுத்து, சுருண்டுவிடும். பைரிப்ராக்சிபென் அந்த ரகம் இல்லை. முழுப் புழுவை அது உடனே கொல்லாது. புழுவைப் புழுவாகவே நிறுத்தி வைக்கும்.

கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பூச்சியின் வளர்ச்சியை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள் நடத்துகின்றன. ஒன்று எக்டைசோன், தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன். மூளையில் இருந்து உத்தரவு வந்ததும் நெஞ்சுப் பகுதியில் உள்ள சுரப்பி இதைச் சுரக்கும். இன்னொன்று இளமை ஹார்மோன். மூளைக்குப் பின்னால் உள்ள சின்னஞ்சிறு சுரப்பியில் இருந்து வரும். "தோலை உரி" என்று எக்டைசோன் சொல்லும்போது உடம்பில் இளமை ஹார்மோன் நிறைய இருந்தால், புழு உரித்துக்கொண்டு இன்னும் பெரிய புழுவாக வரும். முதல் நான்கு தோலுரிப்பும் அப்படித்தான். ஐந்தாம் பருவத்தின் முதல் சில நாட்களில் இளமை ஹார்மோன் வற்றிப்போகும். அது இல்லாத நேரத்தில் எக்டைசோன் லேசாகத் தலைகாட்டினால், புழு தின்பதை நிறுத்தும், குடலைக் காலி செய்யும், இடம் தேடி அலையும், நூல் விடும். நீங்கள் சொன்ன கண்ணாடி உடம்பு அந்தக் கட்டத்தில்தான் வரும்.

பைரிப்ராக்சிபென் இந்த இளமை ஹார்மோனின் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள். இயற்கை ஹார்மோன் வற்றினாலும் இலை வழியாக இது தினமும் உள்ளே போகிறது. "இன்னும் நேரம் வரவில்லை" என்றே உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை ஈயிடம் இதைக் கொண்டு எதைச் சாதிக்கிறார்களோ, அதுவேதான் உங்கள் வடக்கு ரேக்கிலும் நடந்திருக்கிறது.

இத்தாலியின் வடபகுதியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அங்கே பழத்தோட்டங்களில் பெனாக்சிகார்ப் என்ற இதே வகை மருந்தை அடிக்கத் தொடங்கிய பிறகு, பட்டுப்புழு வளர்த்தவர்களிடம் புழு கூடு கட்டாமல் நின்றது. நோய் என்று நினைத்து வெகுகாலம் நோய்க்கிருமியைத் தேடினார்கள். கடைசியில் காரணம் காற்றில் பரவி வந்து மல்பெரி இலையில் படிந்த மருந்துதான்.

பாலக்கோட்டான்:
சரி சார், அப்படியென்றால் சம்பூர்ணா?

பூச்சிவாத்தியார்:
அது செடியில் இருந்து எடுக்கும் எக்டைசோன் வகைப் பொருள். வேளை வந்த புழுக்களை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர அருமையானது. ஆனால் இளமை ஹார்மோன் போன்ற ஒன்று உடம்பில் இருக்கும்போது அதைக் கொடுத்தால், புழு கூடு கட்டுவதற்குப் பதில் இன்னொரு முறை தோலுரிக்கப் பார்க்கும். இந்த ரேக்குகளுக்கு அதில் காசு போட வேண்டாம் என்பேன்.

சந்தேகப்பேர்வழி:
நான் பட்டு வளர்ப்பவன் இல்லை, சும்மா படிக்க வந்தேன். காற்றில் வந்த கொஞ்சம் மருந்துத் தூறல் ஒரு பிராணியின் பருவத்தையே நிறுத்தும் என்பது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. பக்கத்து நிலத்து மருந்தின்மேல் பழி போடுவது எப்போதும் சுலபம்.

பூச்சிவாத்தியார்:
எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதற்கு ஒரு கணக்கு. எக்டைசோனை முதன்முதலில் தனியாகப் பிரித்தவர்கள் ஜெர்மனியின் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும், 1954-ல். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்கள்தான், சுமார் 500 கிலோ. கிடைத்தது 25 மில்லிகிராம். ஒரு பூச்சிக்குள் இந்தச் சமாச்சாரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு கதையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1960களின் நடுவில் பிராகில் இருந்து காரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார், கரோல் வில்லியம்சின் ஆய்வகத்துக்கு. கூடவே தான் ஊரில் வளர்த்துவந்த சிவப்பு நிற நாவாய்ப்பூச்சிகளையும் கொண்டுபோனார். பிராகில் ஒழுங்காக வளர்ந்த அந்தப் பூச்சிகள் ஹார்வர்டில் முதிர்ச்சி அடைய மறுத்தன. குஞ்சாகவே இன்னும் ஒரு தோல், இன்னும் ஒரு தோல் என்று உரித்துப் பெரிதாகிப் பெரிதாகிச் செத்தன. தீவனம், தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்ததில், கடைசியில் மாட்டியது கிண்ணத்தில் விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட ஒருவகை ஃபிர் மரத்தில் இளமை ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்திருக்கிறது. அமெரிக்கச் செய்தித்தாளை விரித்தாலும் அதே விளைவு. லண்டன் செய்தித்தாளை விரித்தால் ஒன்றும் இல்லை. பூச்சி காகிதத்தைத் தின்னக்கூட வேண்டியிருக்கவில்லை, மேலே நடந்ததே போதுமாக இருந்தது. இதன் பிறகுதான் இந்த ஹார்மோனை மருந்தாக்கலாம் என்ற யோசனை சூடுபிடித்தது.

பக்கத்துக்காரரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் கத்தரிக்கு மருந்து அடித்தார், அவ்வளவுதான்.

மாடித்தோட்டக்காரி:
பட்டு இழைக்குள் நான் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல இருந்த புழு பெரிதாகிப் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு வாடை விடுகிறது. ஒன்று பெட்டிக்குள் கூட்டுப்புழுவாகவும் மாறிவிட்டது. என் பையன் "உள்ளே புழு ரசமாகக் கரைந்து, அந்த ரசத்தில் இருந்து வண்ணத்துப்பூச்சி உருவாகும்" என்று காணொளியில் பார்த்துச் சொல்கிறான். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. உண்மையா சார்?

கொங்குவிவசாயி:
அது கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோ இருக்கும் தங்கச்சி. எங்கள் எலுமிச்சைக் கன்றை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். உங்களுக்கு அழகி, எங்களுக்கு வில்லி.

பூச்சிவாத்தியார்:
ரசக்கதை பாதி உண்மை, அந்தப் பாதியைத்தான் எல்லோரும் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். புழுவின் தசைகளில் பெரும்பகுதி, இலை செரிக்கும் குடல், நூல் சுரப்பி எல்லாம் உண்மையிலேயே சிதைந்து மறுபயனுக்குப் போகும். கூட்டுப்புழுவை வெட்டினால் குழம்பலாக வழிவதும் அதனால்தான். ஆனால் மொத்தமும் கரைவதில்லை. முதுகோரம் ஓடும் இதயக்குழாய் இருக்கிறது, துடித்துக்கொண்டே இருக்கிறது. மூச்சுக்குழாய்களும் நரம்பு மண்டலமும் மாறுகின்றன, காணாமல் போவதில்லை. 2013-ல் இங்கிலாந்தில் ஒரு குழு கூட்டுப்புழுவைக் கொல்லாமல் எக்ஸ்ரே மூலம் நாள்தோறும் முப்பரிமாணத்தில் படம் எடுத்தது. முதல் நாளிலேயே மூச்சுக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன.

இதைவிட முக்கியம், வண்ணத்துப்பூச்சிக்கான வேலை கூட்டுக்குள் தொடங்குவதே இல்லை. உங்கள் பச்சைப்புழு கறிவேப்பிலை தின்றுகொண்டிருக்கும்போதே அதன் தோலுக்கு உள்ளே சிறகுக்கான செல் தட்டுகள் வளரத் தொடங்கிவிட்டன, நெஞ்சுப் பகுதியில் இரண்டு பக்கமும். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் சுவாமர்டாம் என்பவர் முதிர்ந்த கம்பளிப்புழுவின் தோலைப் பதமாக உரித்து, உள்ளே மடங்கிக் கிடந்த சிறகுகளைக் காட்டினார். அதுவரை புழு செத்து அதில் இருந்து வேறொரு பிராணி பிறக்கிறது என்று நம்பியவர்கள் நிறையப் பேர். 350 வருடம் கழித்து அதே எண்ணம் ரசம் என்ற பெயரில் காணொளியில் திரும்பி வந்திருக்கிறது, என்ன செய்ய!

பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். கூட்டுப்புழுவைத் தாங்கும் பட்டுக் கயிற்றை அறுக்க வேண்டாம். வெளியே வந்ததும் சிறகு விரித்துத் தொங்குவதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி இருக்கட்டும். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வரும். பையன் அழுதால், அவையும் இப்படியே புழுவாக இருந்து வளர்ந்தவைதான் என்று சொல்லிவிடுங்கள்.

சந்தேகப்பேர்வழி:
நரம்பு மண்டலம் இருக்கிறது என்றால் புழுவாக இருந்தபோது கற்றது பூச்சிக்கு நினைவிருக்குமா? எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் நம்பமுடியவில்லை.

பூச்சிவாத்தியார்:
நீங்கள் படித்தது 2008-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையாக இருக்கும். புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாடையைக் காட்டி, கூடவே லேசாக மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகியவை அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாடையை ஒதுக்கின. மூன்றாம் பருவத்தில் பழகியவற்றுக்கு அந்துப்பூச்சியானதும் அது நினைவில் நிற்கவில்லை. வாடை உடம்பில் ஒட்டியிருந்ததால் இல்லை என்பதையும் கழுவிப் பார்த்துச் சரிபார்த்தார்கள்.

சந்தேகப்பேர்வழி:
ஒரு சோதனை போதுமா?

பூச்சிவாத்தியார்:
போதாது. 2023-ல் ஜேம்ஸ் ட்ரூமன் குழு பழ ஈயின் மூளையில் நினைவு சேரும் பகுதியை, புழுவில் இருந்து ஈ வரைக்கும், நரம்புச் செல் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தது. பழைய செல்கள் பல உயிரோடு இருக்கின்றன. ஆனால் பழைய இணைப்புகளை அறுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. புழுவின் நினைவு ஈ வரை நீடிக்க அந்த இணைப்பில் வழியே தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. ஈயும் அந்துப்பூச்சியும் வெகுதூரத்துச் சொந்தம், அதனால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடாது. என் கணிப்பு, அந்துப்பூச்சியில் கடைசிப் பருவத்தில் புதிதாக முளைத்த செல்கள்தான் நினைவைக் கடத்தியிருக்க வேண்டும். மூன்றாம் பருவத்துப் பாடம் மறந்துபோனதற்கும் அது பொருந்துகிறது.

மலையகத்தான்:
வணக்கம் ஐயா, நான் ஹட்டன் பக்கம். வாற்பேத்தை தவளையாக மாறுகிறதும் இதே ஹார்மோனாலா? எங்கட தேயிலைத் தோட்டத்துக் கரையோரம் இருக்கிற சின்னப் புதர்த் தவளைகள் தண்ணிப் பக்கமே போறதில்லை. முட்டையில இருந்து நேரே குட்டித் தவளையாகத்தான் வெளியில வருது. அப்ப அதுக்கு இந்த ஹார்மோன் தேவையே இல்லையா?

பூச்சிவாத்தியார்:
தவளையில் வேறு ஹார்மோன், தைராய்டு. நம் கழுத்தில் இருப்பதும் அதுதான். 1912-ல் குடர்நாட்ஷ் என்பவர் வாற்பேத்தைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார். அவை வளர்ந்து பெரிதாகும் முன்பே அவசரமாக மாறி, ஈ அளவில் தவளையாகிவிட்டன. சுரப்பியை எடுத்துவிட்டால் எதிர்மாறாக, மாறாமலே பெருத்துப்போகும். உடுமலைக்காரரின் வடக்கு ரேக்கு போலவே ஒரு நிலை, ஆனால் காரணம் தலைகீழ். பூச்சியில் ஒரு ஹார்மோன் போனால்தான் மாற்றம் நடக்கும், தவளையில் ஒரு ஹார்மோன் வந்தால்தான் நடக்கும்.

உங்கள் புதர்த் தவளை விஷயம் உண்மை. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இப்படி வாற்பேத்தைப் பருவத்தைத் தண்ணீரில் கழிக்காத இனங்கள் நிறைய. பல இனங்கள் முட்டையை ஈர மண்ணிலோ இலையிலோ இடுகின்றன. வாற்பேத்தைக் கட்டத்தை முட்டைக்குள்ளேயே சுருக்கமாகக் கடந்துவிட்டு நான்கு காலோடு வெளியே வரும். இப்படி நேரடியாக வளரும் வேறு இனங்களில் ஆராய்ந்து பார்த்தபோது, முட்டைக்குள்ளும் தைராய்டு ஹார்மோன்தான் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கிறது.

மாடித்தோட்டக்காரி:
ஒரு பயம். கொசுப்புழுவுக்கு என்று தண்ணீர்த் தொட்டியில் போடும் சிலவற்றிலும் இந்தப் பைரிப்ராக்சிபென் இருப்பதாகச் சொல்கிறார்களே. நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதா?

பூச்சிவாத்தியார்:
நமக்கு இளமை ஹார்மோனே கிடையாது. அதனால் அந்த வழியில் நம் உடம்பில் அது பிடிக்க இடம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீர்த் தொட்டிக்கும் இதை அனுமதிக்கிறது, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவுக்குள். அந்த அளவிலேயே கொசுவின் கூட்டுப்புழு பறக்காமல் நின்றுவிடும். அளவை மீறி நீங்களாகக் கலந்து ஊற்றுவது வேறு விஷயம், அதைச் செய்ய வேண்டாம்.

உடுமலைப்பட்டு:
எல்லோருக்கும் நன்றி. கிழக்குத் துண்டு இலையை நிறுத்திவிட்டு, மேற்குத் துண்டு இலை போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் புழு தாமதமாக முதிர்ந்து கூடு கட்டியது. அந்தக் கூடு வழக்கத்தைவிடப் பெரிதாகவே இருக்கிறது. மீதி எல்லாம் சுருங்கிச் செத்தன, குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிட்டோம். கூடு ஏன் பெரிதாக வந்தது?

பூச்சிவாத்தியார்:
மருந்து குறைவாக உள்ளே போன புழுக்கள் கூடுதலாகச் சில வேளை தின்றிருக்கும். மொத்தத் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் போகிறது. நூல் சுரப்பி பெருப்பதும் அப்போதுதான். அதனால் அந்தப் பருவம் ஒரு நாள் நீண்டாலும் நூல் கூடும். ஜப்பானிலும் நம் நாட்டிலும் இதே வகைப் பொருளைத் துளியளவு கொடுத்துக் கூட்டின் எடையைக் கூட்ட முயன்றிருக்கிறார்கள். கூடுதல் கூட்டுக்கும் ஒன்றுமே இல்லாமல் போவதற்கும் நடுவே இடைவெளி மிகச் சின்னது. வீட்டில் முயலாதீர்கள், தெரிந்துகொண்டே சொல்கிறேன், யாராவது முயல்வீர்கள்.

பாலக்கோட்டான்:
நான் முயலமாட்டேன் சார், வங்கிக் கடன் இருக்கிறது.

உடுமலைப்பட்டு:
கிழக்குத் துண்டை என்ன செய்வது? அடுத்த முட்டைத் தொகுதிக்குச் சொல்லியாகிவிட்டது.

பாலக்கோட்டான்:
அடியோடு கவாத்து செய்துவிடுங்கள். வெட்டிய தண்டை ரேக்குக்கும் கொண்டுவராதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். புதுத் துளிர் வந்த பிறகு அந்த இலையை இளம்புழுவுக்கும் ஐந்தாம் பருவத்துக்கும் கொடுக்காமல், முதலில் ஒரு தட்டுப் புழுவை மட்டும் அதிலேயே கடைசி வரை வளர்த்து, கூடு கட்டுகிறதா என்று பாருங்கள். சார் சொன்ன கணக்குப்படி இரண்டு நாள் சோதனை இதற்குப் பயன்படாது. கத்தரிப் பக்கம் வரப்போரமாகச் சவுக்கு அல்லது அகத்தி நெருக்கமாக நட்டால் காற்றுத் தூறல் ஓரளவு தடுபடும். பக்கத்துக்காரரிடம் அடுத்த முறை அடிக்கும் முன் ஒரு போன் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஓடுகிறது.

உடுமலைப்பட்டு:
பேசிவிட்டேன் அண்ணா. அவர் டப்பாவைப் படித்துவிட்டு, "இது புழுவைக் கொல்லாது என்று கடையில் சொன்னார்களே" என்றார். கடையில் சொன்னது உண்மைதான் என்று நான் சொன்னதும் அவருக்குக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. இந்த இழையை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அகத்தி விதை எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

கொங்குவிவசாயி:
என்னிடம் இருக்கிறது. தனிச்செய்தியில் வாருங்கள்.